பந்திக்கு முந்தாதவர்கள்

ஆம்பல் நகரில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, சாருமதியின் முன்னாலிருந்த திரையில் எல்லாமே பச்சையாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. உதவிக்குக் காத்திருக்கும் வீடு சிவப்பு. கேட்டது கிடைத்துவிட்ட வீடு பச்சை. காலையிலிருந்து பன்னிரண்டு ஓடங்கள் அங்கே சுற்றிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் இல்லாமல் தானே வழி பார்த்து, தானே பேசி, தானே ஆளேற்றி முகாமில் கொண்டுபோய் விடும் படகுகளுக்குத்தான் 'ஓடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புள்ளிகளுக்கு அடியில் ஒரு வரி ஓடியது: 'விருப்பம் நிறைவேற்றப்பட்டது.'

அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.  மூன்றாம் குறுக்குத் தெருவில் அவளுடைய அக்கா கோமளவல்லி தனியாக இருந்தாள். அத்தான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாசிக் போயிருந்தார். அக்காவின் போன் விடியற்காலையிலேயே செத்துவிட்டது. அவள் வீடு ஒற்றைத் தளம். மேலே ஏறிக்கொள்ள வெளியே ஒரு படிகூடக் கிடையாது.

ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்கள், அங்கே முன்பு பூத்த பூவின் பேரை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்திருந்தார்கள். தண்ணீருக்குப் பெயர்ப் பலகை படிக்கத் தெரியாது. ஆனாலும் மழை வலுத்தால் அது தன் பழைய வீட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்துவிடும்.

"ஏம்மா, ஓடமெல்லாம் எங்க நிக்குது?" பக்கத்து நாற்காலியிலிருந்து எபநேசர் கேட்டார். ஓடங்களின் முதல் மூளையை எழுதியவர் அவர். பாளையங்கோட்டைக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது, இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை.

"தெருவுலதான் சார் இருக்கு. எல்லா வீட்டுக்கும் போயாச்சு. எல்லாம் பச்ச."

"அது தெரியுது. ஆள் எத்தன பேரு ஏறியிருக்காங்க?"

சாருமதி இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒருவர்கூட ஏறவில்லை. பன்னிரண்டு ஓடங்களும் காலியாகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தன.

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு ஓடத்தின் பேச்சுப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கம். உங்களை முகாமுக்கு அழைத்துச் செல்லலாமா?" என்றது ஓடம்.

"எங்களுக்கென்னம்மா, மொட்ட மாடி இருக்கு" என்றது ஒரு ஆண் குரல். "எதிர்வீட்ல கைக்கொழந்தக்காரி இருக்கா. அவள மொதல்ல ஏத்து."

"நன்றி." ஓடம் எதிர்வீட்டுக்குப் போனது.

"ஐயோ, நாங்க சின்னவங்க, எப்பிடியாச்சும் சமாளிச்சுக்குவோம்" என்றாள் கைக்குழந்தைக்காரி. குழந்தை அழுதுகொண்டிருந்தது. "கோடி வீட்ல சக்கர வியாதில கால எடுத்தவரு ஒருத்தர் இருக்காரு. பாவம், அவரப் போய்ப் பாருங்க."

கோடி வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். "ஒரு காலுதாம்மா போச்சு, உசுரு போவல. நான் வந்தா ரெண்டு பேரு எடத்த அடைச்சுக்குவேன். கொழந்தகுட்டி உள்ளவங்கள ஏத்திட்டு அப்புறமா வா."

ஓடம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முதல் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

"என்னம்மா, திரும்ப நீயா? அவங்கள்லாம் ஏறிட்டாங்களா?"

"அவர்கள் உங்களை முதலில் ஏற்றச் சொன்னார்கள்."

"அவங்க அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க! நீ போ, போய்த் திரும்பக் கேளு."

அடுத்த பதிவில் அக்காவின் குரல் கேட்டது.  "எனக்கென்னப்பா வந்திச்சு? கட்டில் மேல கட்டிலப் போட்டு உக்காந்திருக்கேன். எல்லாரையும் ஏத்திட்டு கடைசில வா, போதும். என் தங்கச்சி உங்க ஆபீஸ்லதான் இருக்கா, அவ சாப்ட்டாளான்னு கொஞ்சம் கேளு."

அந்த வீட்டுப் புள்ளியும் பச்சை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வகிதா பேகம் வந்தாள். 'கரை' என்ற அந்த மீட்பு அமைப்புக்கு இந்த மாதம்தான் இயக்குநராக வந்தவள். நனைந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெரியேரி மதகத் திறக்கப் போறாங்க. ஏரிக்கர தாங்காதாம். ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்காங்க. ஆம்பல் நகர்ல எத்தன பேர வெளிய எடுத்திருக்கீங்க?"

 சாருமதி ஆள் கணக்கைத் திரையில் காட்டினாள்.

"யாருமே ஏறலியா? ஏன்?"

"கேட்டா வேண்டாங்கறாங்க மேடம்" என்றாள் சாருமதி. "ஓடம் அவங்க சொல்றத நம்பிடுது."

"கைய வச்சுத் தூக்கிப் போட்டுட்டு வர வேண்டியதுதானே? அதுக்குத்தானே ஓடத்துக்கு ரெண்டு இரும்புக் கை வச்சிருக்கு?"

எபநேசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாருமதிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பிடித்தான் மேடம் மொதல்ல இருந்திச்சு. அடுத்தவங்கள எப்பிடி நடத்தணும்னு மெஷினுக்கு ஒரு விதி வேணும்ல? 'உனக்கு என்ன செய்யணும்னு நினைப்பியோ அத அடுத்தவனுக்குச் செய்.' கேக்க நல்லாத்தானே இருக்கு? ஆயிரம் தன்னார்வலருங்கள உக்கார வச்சு, நீங்க வெள்ளத்துல மாட்டினா என்ன செய்யணும்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. என்னப் பிடிச்சு வெளிய இழுங்க, நான் பயத்துல என்ன சொன்னாலும் கேக்காதீங்கன்னு."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க?"

"போன வெள்ளத்துல ஒரு மனுஷன் ஜன்னலப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. வேண்டாம், வேண்டாம்னு கத்தினாரு. ஓடம் பயத்துல கத்தறாருன்னு நெனச்சு, கையப் பிரிச்சுத் தூக்கிட்டு வந்திடுச்சு. உள்ள கட்டில்ல அவரு சம்சாரம். பக்கவாதம். எந்திரிக்க முடியாது. அவங்கள தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கத்தான் அந்த மனுஷன் அங்க நின்னது."

வகிதா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த அம்மா..."

"ரெண்டாவது ஓடம் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அன்னிக்கே கை ரெண்டையும் பூட்டியாச்சு. பூட்ட அவுக்கிறதுன்னா பணிமனைக்கு வந்தாத்தான் முடியும்."

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருடம் இன்னொரு விதியைச் சோதித்தார்கள். 'உனக்குச் செய்யக்கூடாது என்று நினைப்பதை அடுத்தவனுக்குச் செய்யாதே' என்பது அது. அந்த ஓடத்தைப் போல ஒரு சாதுவை யாரும் பார்த்திருக்க முடியாது. குளத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டது. நகர்ந்தால் அலை கிளம்பும், அலை யார் வீட்டுக்குள்ளாவது போகும். விளக்குப் போட்டால் யார் கண்ணாவது கூசும். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் நாள் முழுக்க நின்று, சார்ஜ் தீர்ந்துபோனது. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள்.

அதன் பிறகுதான் சாருமதி தன்னுடைய விதியைக் கொண்டுவந்தாள். நமக்கு என்ன பிடிக்கும் என்பதை வைத்து அடுத்தவரை அளக்கவே வேண்டாம். அவரையே கேட்போம். அவர் வேண்டும் என்றால் செய்வோம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். அவ்வளவுதான். மேடைகளில் இதைச் சொன்னபோது எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரும் ஆத்திரத்தில் மாற்றிவிடக் கூடாது என்று இரட்டைப் பூட்டும் போடச் சொன்னாள். அவளும் எபநேசரும் சேர்ந்து கட்டைவிரல் வைத்தால்தான் ஒரு வார்த்தையாவது மாறும். எல்லாவற்றையும் யோசித்தவள், நம் ஊரில் யாராவது கேட்டவுடன் வேண்டும் என்று சொல்வார்களா என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் காபி வேண்டுமா என்று கேட்டால், நாக்கு வறண்டு கிடந்தாலும் "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்பவள்தான் அவளும்.

"அப்ப வற்புறுத்துங்க" என்றாள் வகிதா. "ரெண்டு தரம், மூணு தரம் கேளுங்க."

"நாலு தரம் கேட்டாச்சு மேடம். கேக்கக் கேக்க அவங்க இன்னும் உறுதியா வேண்டாங்கறாங்க. வெக்கமாப் போயிடுது அவங்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணில நிக்கும்போது நான் மட்டும் ஏறிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

எபநேசர் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினார். 

"பந்தி மாதிரில்லா இருக்கு" என்றார்.

"எது சார்?"

"கல்யாணப் பந்திம்மா. பந்திக்கு முந்துன்னு பழமொழி இருக்கே தவிர, எந்தக் கௌரவமான மனுஷன் முந்துதான்? நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்கன்னு வாசல்லயே நிப்பாங்க. இல பாட்டுக்குக் காஞ்சிட்டுக் கெடக்கும். எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு, பந்தி நடத்துததுல கில்லாடி. யாரையும் பசிக்குதான்னு கேக்கவே மாட்டாரு. நேரா ஒருத்தர்ட்டப் போயி, 'மாமா, நீங்க உக்காந்தாத்தான் உக்காருவேன்னு அந்தா அவுஹ ஒத்தக் கால்ல நிக்காவ'ம்பாரு. அடுத்து அவர்ட்டப் போயி இவரச் சொல்லுவாரு. அஞ்சு நிமிஷத்துல பந்தி நெறஞ்சிரும்."

சாருமதி அவரையே பார்த்தாள். வகிதாவுக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது.

"அது பொய்யாச்சே."

"பொய்தான்" என்றார் எபநேசர்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே பொய். நாளைக்கு முகாம்ல எல்லாரும் பேசிக்குவாங்களே?"

"பேசிக்க எல்லாரும் இருப்பாங்கள்லா?"

சாருமதிக்கு உள்ளே கூசியது. அவள் கொண்டுவந்த விதி, மனிதர்களின் வார்த்தையை மதிக்கும் விதி. இப்போது அவர்களிடமே போய்ப் பொய் சொல்லப் போகிறது. எனக்கு யாராவது இப்படிப் பொய் சொன்னால் சம்மதிப்பேனா என்று கேட்டுக்கொண்டாள். மாட்டாள். அக்கா சம்மதிப்பாளா? கேட்டால் அதற்கும் "பரவால்ல" என்பாள். எந்த விதியைக் கேட்டாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது, கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது.

"ஒரு சங்கடம் இருக்கு" என்றாள். "அவசரத்துக்குப் போடற மாத்தம் இது. நடுவுல இங்கேர்ந்து யாராவது மைக்ல பேசினா எல்லா ஓடமும் நின்னுடும். பழைய விதியோட மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். திரும்ப இந்த எடத்துக்கு வர இருபது நிமிஷமாவது ஆகும்."

"எந்தப் புண்ணியவான் பண்ணின ஏற்பாடு அது?"

"நான்தான் மேடம். மனுஷக் குரலும் மெஷின் குரலும் சேந்து பேசினா ஜனங்க குழம்பிடுவாங்கன்னு..."

வகிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "போடுங்க. யாரும் மைக்கத் தொடாதீங்க" என்றாள்.

எபநேசர் புது வரியைத் தட்டெழுதினார். அவர் கட்டைவிரல் ரேகைக் கண்ணாடிக்கு மேலே ஒரு கணம் நின்றது. "திரும்பவும் நான் எழுதினது ஒண்ணு ஜனங்கட்டப் போகுது" என்று முணுமுணுத்துவிட்டு வைத்தார். சாருமதியும் வைத்தாள்.

ஓடம் முதல் வீட்டு வாசலுக்குப் போனது.

"நீங்கள் ஏறினால்தான் தானும் குழந்தையோடு ஏறுவதாக எதிர்வீட்டு அம்மா சொல்கிறார்."

"என்னது? பச்சக் கொழந்தைய வச்சுக்கிட்டா? கூறுகெட்ட பொண்ணு! ஏய், பைய எடு, பூட்டுச் சாவிய எடு, இந்தா வந்துட்டோம்மா!"

எதிர்வீட்டில் போய் அதையே திருப்பிச் சொன்னது. "ஐயோ, எனக்காகவா நிக்கறாங்க?" என்று குழந்தையை முந்தானையில் கட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். கால் எடுத்தவரை இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். அவர் வராவிட்டால் தாங்கள் ஏறமாட்டோம் என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு. முதல் தெரு நிறைந்தது. இரண்டாம் தெருவிலும் கதவுகள் திறந்தன. பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஓடங்களின் ஆள் கணக்கு ஏறியது. வகிதா தன்னை மறந்து கைதட்டிவிட்டாள். எபநேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாருமதி எதையும் பார்க்கவில்லை. மூன்றாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்பிய ஓடத்தை மட்டும் பார்த்தாள்.

ஓடம் அக்கா வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர் இப்போது மார்பளவு. மதகு திறக்க நேரம் இருந்தது. ஆனால் மழை நேரம் பார்க்கவில்லை.

"பக்கத்து வீட்டில் இருப்பவர், நீங்கள் வந்தால்தான் ஏறுவேன் என்கிறார்."

சாருமதிக்கு அப்போதுதான் சுரீர் என்றது. பக்கத்து வீடு ஃப்ளோரா டீச்சருடையது. ஓடத்துக்கு எல்லாப் பக்கத்து வீடும் ஒன்றுதான். அது அறியாது, அக்காவும் ஃப்ளோரா டீச்சரும் முகம் பார்த்துப் பேசி நாலு வருடம் ஆயிற்று என்று. உங்கள் வீட்டு மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது என்று டீச்சர் மதில்சுவரை ஒரு வரிசை உயர்த்தினார். தண்ணீர் திரும்பி அக்கா வாசலில் தேங்கியது. அக்கா தன் பக்கம் இரண்டு வரிசை ஏற்றினாள். போட்டிக்குக் கல் அடுக்கி, சுவர் ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது.

"யாரு? டீச்சரா?" அக்காவின் முகம் கேமராவில் பெரிதாகத் தெரிந்தது. வாசல் திண்ணையில் ஏறி, மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "டீச்சரா அப்பிடிச் சொன்னாங்க? நான் வந்தாத்தானா?"

"ஆம். தயவுசெய்து ஏறுங்கள்."

அக்கா ஏறவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அவங்களுக்கு முட்டி வலி. தனியா எறங்க முடியாது. அதுக்கே வீம்பு பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காங்களா? நீ இரும்மா. நானே போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்."

"தயவுசெய்து ஏறுங்கள்."

"இருன்னா இரு!"

ஓடம் இருந்தது. சொன்னதைக் கேட்கும் ஓடம். அக்கா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

சுவர் மட்டும் இல்லாதிருந்தால் நாலு எட்டு. சுவர் இருந்ததால் தெரு வழியாகச் சுற்ற வேண்டும். சாருமதி திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். ஓடத்தின் கேமரா உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்க்கும்போது அக்காவுக்கு எதிரே தண்ணீர் ஒரு இடத்தில் வட்டமாகச் சுழல்வது தெரிந்தது. பாதாளச் சாக்கடையின் மூடி பெயர்ந்து போயிருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தில் தத்தளிப்பவளுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

அக்கா நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சாருமதியின் கை மைக்கின் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது. இடது பக்கம் போ. மூன்றே வார்த்தை. திரையின் மற்ற கட்டங்களில் ஓடங்கள் வாசல் வாசலாக நின்றன. ஒரு ஓடத்தில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக ஒரு கிழவர். ஒரு ஓடத்துக்குக் கைக்குக் கை குழந்தைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காம் தெருவுக்கு இன்னும் போகவே இல்லை. இப்போது நிறுத்தினால் எல்லாம் நிற்கும். பிறகு ஓடங்கள் மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய், உங்களுக்கு உதவி தேவையா என்று மரியாதையாகக் கேட்கும். எல்லாரும் மரியாதையாக வேண்டாம் என்பார்கள்.

"சாரு!"

அக்காதான். ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"சாரு, பாத்துட்டு இருக்கியாடி? ஒண்ணும் தெரியலடி தண்ணில. எந்தப் பக்கம் போறது? ஒரு கொரல் குடு!"

"சார்" என்றாள் சாருமதி.  "நீங்க சொல்லுங்க சார். என்ன செய்யட்டும்?"

எபநேசரின் முகம் வெளுத்திருந்தது. "அதச் சொல்லத் தெரிஞ்சா, அந்த மனுஷனத் தூக்கினதுலேர்ந்து நான் தூங்காம கெடப்பனாம்மா?"

வகிதா எழுந்து சாருமதியின் பின்னால் வந்து நின்றாள். 

"சாரு... சாரு..."

அக்காவிடமே கேட்க முடிந்தால் என்ன சொல்வாள்? அதில் சந்தேகமே இல்லை. 'எனக்கென்னடி, மத்தவங்களப் பாரு' என்பாள். அந்தப் பதிலைத்தான் காலையிலிருந்து சாருமதி சபித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். கையை எடுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஒரு நிமிடம் போல நின்று ஓடத்தையே பார்த்தாள். பிறகு ஒரு எட்டு வைத்தாள். தலை மறைந்தது.

சாருமதி கத்திய கத்தல் மைக்குக்குள் போகாமல் வகிதாதான் அவள் வாயைப் பொத்தினாள்.

அதன் பிறகு நடந்தது கேமராவின் ஓரத்தில் அரைகுறையாகத் தெரிந்தது. பேச்சுச் சத்தம் கேட்டோ என்னவோ, பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. முட்டி வலிக்காரி ஒருத்தி, கேட் கம்பியில் ஒரு கையைக் கொடுத்துத் தண்ணீருக்குள் சாய்ந்து, மற்றக் கையில் அகப்பட்ட கூந்தலையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேர் ஏறிய ஓடத்திலிருந்து குதித்து நீந்திவந்தார்கள். மதகு திறந்தபோது ஆம்பல் நகரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூட முகாமில் அக்கா பெஞ்சு மேல் படுத்திருந்தாள். வலது காலில் முட்டிக்கு மேலே வரை மாவுக்கட்டு. சாக்கடைக்குள் போன கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பழையபடி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஃப்ளோரா டீச்சர் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். முகாம் முழுக்க ஒரே சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. 'நீ சொன்னியாமே', 'நான் எங்க சொன்னேன், நீங்கதான் சொன்னீங்களாமே' என்று ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வா சாரு" என்றாள் அக்கா. "கேட்டியா, இங்க யாருமே சொல்லலியாம். எல்லாம் அந்தப் படகு விட்ட கதையாம். எங்க டீச்சர் மட்டுந்தான் நெஜமா சொல்லியிருக்காங்க."

"ஆமாம்மா, நாந்தான் சொன்னேன்" என்றார் டீச்சர், சாருமதியின் கண்ணை நேராகப் பார்த்து. "கோமளா வராம நான் ஏறமாட்டேன்னு சொன்னேன்."

சாருமதிக்குத் தெரியும். காலையில் எல்லாரையும் போல வேண்டாம் என்றதோடு சரி, அதன் பிறகு டீச்சர் வீட்டு வாசலுக்கு ஓடம் போகவே இல்லை.

தட்டைக் கழுவப் போன டீச்சரின் பின்னால் குழாயடி வரை போனாள். "டீச்சர்..." என்று இழுத்தாள்.

"தெரியும்மா. நான் மெஷின்கிட்ட அப்பிடி ஒண்ணும் சொல்லல. தண்ணிலேர்ந்து இழுத்துப் போட்டதும் மூச்சு வாங்கிட்டே மொத வார்த்த, 'நீங்க சொன்னீங்களாமே டீச்சர்'ங்கறா. அந்த மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்லவா? என்னால முடியல." டீச்சர் தட்டை உதறினார். "நீயும் சொல்லிடாத."

சாருமதி திரும்பி வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரு, நான் கூப்பிட்டேனே. கேட்டுச்சா?"

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். அந்த முகாமில் அத்தனை பேரும் ஒரு பொய்யின் தயவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்று சேர்ந்தால் குடி முழுகிவிடாது. அவளால் முடியவில்லை.

"கேட்டுச்சுக்கா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மைக்கை, ஓடங்களை, நான்காம் தெருவை, மடியில் அழுத்திப் பிடித்த கையை. ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா தூரத்தில் கைக்குழந்தைக்காரி தொட்டில் கட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ செஞ்சதுதான் சரி" என்றாள். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

சாருமதிக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு வாரம் லீவு சொல்லிட்டேன்க்கா. உன்கூடவே இருக்கேன். துணி மாத்த, பாத்ரூம் போக ஆள் வேணும்ல" என்றாள்.

"வேண்டாம் சாரு."

"இதுல என்னக்கா இருக்கு? எனக்கொண்ணும் சிரமமில்ல."

"வேண்டாம்னு சொல்றேன்ல." அக்கா இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ செஞ்சது சரின்னு எனக்குத் தெரியுது. ஆனா அந்தத் தண்ணில உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு நின்னேன் பாரு. உன்னப் பாத்தா அதுதான் வருது. டீச்சர் என்னப் பாத்துக்குவாங்க. நீ வீட்டுக்குப் போ."

பிறந்ததிலிருந்து அக்கா எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். கடைசித் தோசையை, புதுப் புடவையை, ஜன்னலோர சீட்டை. ஒரு தடவைகூட அவள் அதை நம்பியதில்லை. மறுபடி வற்புறுத்தினால் போதும், அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

இந்தத் தடவை மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. சாருமதி எழுந்து பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.